புடவை மறைப்புக்கு அந்தப் பக்கம்

என் மகனின் வலது காலில் நரம்பு புடைத்திருந்ததை முதலில் கவனித்தது நான்தான். கிணற்றடியில் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கால் கழுவிக்கொண்டிருந்தான். முழங்காலின் பின்பக்கத்திலிருந்து கணுக்கால் வரைக்கும், பச்சைக் கயிறு ஒன்றைத் தோலுக்கு அடியில் போட்டுத் தைத்ததுபோல, அது வளைந்து வளைந்து இறங்கியது.

“இது எப்பத்திலேர்ந்துடா?” என்றேன்.

“இத்தா? எங்க ஷெட்டுல பாதிப் பேருக்குக் கீதும்மா. நாள் பூரா நின்னுக்கினே வேலை செஞ்சா வொயரிங்கு வெளிய தெரியாதா? ரேடியோ ஒண்ணுதான் பாட மாட்டேங்குது.”

அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். மறுநாள் பள்ளியில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது அந்தப் பச்சைக் கயிறுதான் கரும்பலகையில் நெளிந்தது.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை எழுந்துகொண்டிருந்த காலம் அது. நாங்கள் எளாவூரில் இருந்தோம். அறுவடைக்குப் போன தகப்பன்களின் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் ஷெட்டுகளுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். என் மகன் தகடு அழுத்தும் இயந்திரத்தின் முன் நின்றான். எங்களுக்கு அவன் ஒருவன்தான். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. என் கணவர் ரைஸ் மில்லில் எஞ்சின் பார்ப்பவர்.

அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கை ஓங்காத மனிதர், கடுஞ்சொல் பேசாதவர். ஆனால் மாலை நேரங்களில் அவர் எங்களோடு இருந்ததே இல்லை. சாராயக் கடைகளைத் திறந்துவிட்டு அரசாங்கம் மறுபடியும் மூடியிருந்த சமயம் அது. எங்களுக்கு எல்லை பக்கத்திலேயே இருந்தது. சைக்கிளை மிதித்தால் ஆந்திரப் பக்கத்தில் கடை திறந்திருக்கும். மில்லில் எஞ்சினை நிறுத்தியதும் அவர் வடக்கே போவார். திரும்பும்போது சோதனைச் சாவடியில் வாயை முகர்ந்து பார்ப்பார்கள் என்று கொய்யா இலையை மென்றுகொண்டு வருவார். எங்கள் வீட்டுக்குள் கொய்யா வாசனை வந்தால் அவர் வந்துவிட்டார் என்று பொருள். மகன் இரண்டாவது ஷிப்டுக்குப் போகும் நாட்களில் நான் சிம்னி விளக்கின் முன்னால் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டு, தப்பாக எழுதியவர்களோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருப்பேன். வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

அடுத்த மழைக்காலத்துக்குள் மகனின் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, அரித்து, புண்ணாகிவிட்டது. என்ன தடவியும் ஆறவில்லை. திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ரத்தம் மேலே ஏறாமல் கீழேயே தேங்குகிறது, கெட்டுப்போன அந்தக் குழாயை எடுத்துவிட்டால்தான் புண் ஆறும் என்றார் டாக்டர். தேதி கிடைக்க ஆடி மாதம் ஆகிவிட்டது.

தொடைமடிப்பில் ஒரு வெட்டு, கணுக்காலில் ஒரு வெட்டு. நடுவில் கம்பியைச் செலுத்தி நரம்பை மொத்தமாக உருவி எடுத்தார்கள். வழியில் சின்னச் சின்னதாக இன்னும் சில தையல்கள். காலை அடியிலிருந்து மேல்வரைக்கும் பட்டையாகச் சுற்றி, தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். நல்லபடியாகவே முடிந்தது. கட்டில் வேறு நோயாளிக்குத் தேவைப்பட்டதால், தையல் பிரிக்கும்வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். நான் டீச்சர் என்பதால் தைரியமாகக் கேட்டிருப்பார்கள். நானும் தைரியமாகத் தலையாட்டினேன்.

“தொடைமடிப்புக் காயம்தான் முக்கியம்” என்றார் டாக்டர். “வேர்வை தேங்குற இடம். அங்க சீழ் பிடிச்சா உள்ளே பெரிய ரத்தக் குழாய்க்குப் போயிடும். அப்புறம் காலைக் காப்பாத்துறதே கஷ்டம். தினமும் சுத்தம் பண்ணுங்க. அவ்வளவுதான் வேலை.”

நர்ஸ் எப்படிச் செய்வதென்று காட்டினார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சின்ன இடுக்கியைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுக்க வேண்டும். அடுப்பு இல்லாவிட்டால் தட்டில் கொஞ்சம் ஸ்பிரிட்டை விட்டுக் கொளுத்தி அந்த நெருப்பில் காட்ட வேண்டும். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் தையலைச் சுற்றித் துடைத்து, மஞ்சள் மருந்தில் தோய்த்த துணியை வைத்துக் கட்ட வேண்டும். “எரியும். கத்துவாரு. கத்தட்டும், உடாதீங்க” என்றார். மதுவிலக்குக் காலத்தில் கடைகளில் சும்மா ஸ்பிரிட் தரமாட்டார்கள். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஒரு முழுப் புட்டி வாங்கிக்கொண்டேன்.

சோதனைச் சாவடி எதிரில் மகனோடு பஸ்ஸை விட்டு இறங்கியபோது, தெரிந்த போலீஸ்காரர் ஒருவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த புட்டியைப் பார்த்துவிட்டு, “இன்னா டீச்சரம்மா, நீங்களே சரக்கோட வந்தா நாங்க யாரத்தான் புடிக்கிறது?” என்றார். டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். சீட்டைக் காட்டினேன். “அட, சும்மா சொன்னேம்மா. புள்ளையப் பாத்து இட்டுக்கினு போங்க” என்று எழுந்து வந்து, அவனுக்குத் தோள் கொடுத்து வீடுவரைக்கும் வந்தார்.

முதல் நாளே சிக்கல் வந்தது. கணுக்காலையும் கெண்டைக்காலையும் எனக்குக் காட்டினான். தொடைமடிப்பைத் தொட விடவில்லை.

“வாணாம்மா. நீ போம்மா.”

“நான் பெத்தவடா.”

“அத்துக்கு? இப்ப நான் இன்னா கொயந்தையா?”

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். ஒற்றை அறை வீடு. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போது என் கணவர், “டீச்சரு, நீ அந்தாண்ட போ. நான் பண்றேன். எஞ்சினுக்கே கிரீஸ் போடுறவன், எம்புள்ளைக்கு மருந்து போட மாட்டேனா?” என்றார். அவர் மகிழ்ச்சியாக இருக்கும்போதுதான் என்னை டீச்சரு என்பார். கொடியில் என் பழைய புடவை ஒன்றைத் தொங்கவிட்டு மறைப்பாக்கினார். நர்ஸ் சொன்னதை எல்லாம் நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். கையை இருமுறை கழுவச் சொன்னேன், மூன்றுமுறை கழுவினார்.

அப்படித்தான் அது வழக்கமாயிற்று. காலையில் இடுக்கியைக் கொதிக்க வைத்து, கீழ்க்காலில் இருந்த தையல்களை நான் துடைப்பேன். பிறகு புட்டியையும் தட்டையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் புடவைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்வேன். அப்பனும் மகனும் அந்தப் பக்கம் பேசிக்கொள்வது கேட்கும்.

“நைனா! யப்பா! ஆசிட்டு ஊத்துறியா?”

“கம்முனு கிடடா. ஆம்பள தான நீ?”

“நீ வந்து படு, நான் ஊத்துறேன்.”

சிரிப்பு வரும், உடனே ஒரு ‘ஸ்ஸ்’ வரும். அதற்கு முன் அவர்கள் இருவரும் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. புடவையின் பூப்போட்ட கரையைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் ஒரு வீடு இருந்தது, அதற்கு வெளியில் நான் இருந்தேன்.

இன்னொன்றும் நடந்தது. மாலையில் எஞ்சினை நிறுத்தியதும் அவர் வடக்கே போகவில்லை, நேரே வீட்டுக்கு வந்தார். மகனின் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறினார். மில்லில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று கதை சொன்னார். மறுநாளும் வந்தார், அதற்கு அடுத்த நாளும். கொய்யா வாசனையே இல்லை. பிள்ளையின் கால் நல்லபடியாக ஆகட்டும் என்று ஏதோ வேண்டுதல் வைத்துக் குடியை விட்டிருக்கிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் கலைந்துவிடும்போல இருந்தது. மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்தச் சில மாலைகளைப்போல எனக்கு அதற்கு முன்னும் வாய்த்ததில்லை, பின்னும் வாய்க்கவில்லை. இப்போது அவற்றை எப்படி நினைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு காலையில் அந்தப் பக்கத்திலிருந்து ‘ஸ்ஸ்’ வரவில்லை.

“எரியலையாடா?” என்றேன் இந்தப் பக்கமிருந்து.

“இல்லம்மா. லேசா சில்லுனு கீது. அவ்ளோதான்.”

“காயம் காஞ்சிக்கினு வருது டீச்சரு” என்றார் அவர்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பச்சைப் புண்தான் எரியும். எரியாவிட்டால் ஆறுகிறது என்றுதானே பொருள்? அன்று பள்ளியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். அடுத்தடுத்த நாட்களும் எரியவில்லை. கீழ்க்காலைத் துடைக்கும்போதும் அவன் முகம் சுளிக்கவில்லை. அந்தத் தையல்கள் நன்றாகவே இருந்தன. ஓரங்களில் கொஞ்சம் சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

ஒரு மாலை அவன் சாப்பாடு வேண்டாம் என்றான். உடம்பு சுட்டது. மழைக்காற்று என்றார் என் கணவர். மாத்திரை கொடுத்தேன். காலையில் சூடு இறங்கியதுபோல இருந்தது. அவர் மில்லில் ஏதோ பழுது என்று சீக்கிரமே கிளம்பிப் போனார், ஒரு மணி நேரத்தில் வந்து கட்டு மாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு.

அன்று ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் தீர்ந்திருந்தது. இரவெல்லாம் மழை பெய்து விறகும் நனைந்து கிடந்தது. பள்ளிக்கு நேரமாகிவிட்டது. இடுக்கியை எப்படிக் கொதிக்க வைப்பது? நர்ஸ் சொன்ன இன்னொரு வழி ஞாபகம் வந்தது. பீங்கான் தட்டில் கொஞ்சம் ஸ்பிரிட்டை விட்டுத் தீக்குச்சியைக் கிழித்து வைத்தேன்.

குச்சி சுர்ரென்று அணைந்தது.

குச்சி ஈரம் என்று நினைத்தேன். இன்னொன்றைக் கிழித்தேன். அது நன்றாகவே பிடித்தது. தட்டருகே கொண்டுபோனேன். அதுவும் அணைந்தது. மூன்றாவதை விரல் சுடும்வரை அதன்மேலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். பற்றவில்லை. புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். முக்கால் புட்டிக்கு மேல் அப்படியே இருந்தது. அத்தனை நாள் இரண்டு பேர் பஞ்சு நனைத்த புட்டியில் அவ்வளவு எப்படி இருக்கும்? அதை அன்றுவரை நான் யோசிக்கவே இல்லை. கொஞ்சம் உள்ளங்கையில் விட்டேன். ஸ்பிரிட் என்றால் கை குளிர்ந்து நொடியில் காய்ந்துவிடும். இது கையிலேயே நின்றது. வாசம் மட்டும் இருந்தது, கொஞ்சமாக.

எனக்குப் புரிந்துவிட்டது. எரியாமல் போனதும், அவர் வீட்டிலேயே இருந்ததும் எனக்கு இரண்டு வரங்களாக இருந்தன. இரண்டும் ஒரே புட்டியிலிருந்து வந்தவை.

எழுந்து புடவையை விலக்கினேன். அவன் அரைத் தூக்கத்தில் இருந்தான். “அம்மா, வாணாம்” என்றான். கையைத் தட்டிவிட்டுக் கட்டைப் பிரித்தேன். பார்ப்பதற்கு முன்பே நாற்றம் வந்தது. தையலைச் சுற்றி வீங்கிப் பளபளத்து, ஒரு தையலுக்கு நடுவிலிருந்து மஞ்சளாகக் கசிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவர் வாசலில் வந்து நின்றார். நான் கத்தவில்லை. தட்டையும் அணைந்த குச்சிகளையும் அவருக்கு முன்னால் நீட்டினேன்.

“பத்த மாட்டேங்குதுங்க” என்றேன்.

அவர் தட்டைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

“ஒரு மூடிதான்” என்றார். “சாயங்காலம் ஒரு மூடி. கொறைஞ்சது தெரியக்கூடாதுன்னு தண்ணி ஊத்துனேன். வாசம் கீது, போதும்னு நெனச்சேன். நீயும் எரியலன்னு சந்தோசப்பட்டியே.”

“எந்தத் தண்ணி?”

“கெணத்தாண்ட பக்கெட்டுல இருந்த தண்ணி.”

நான் தட்டைக் கீழே வைத்தேன். அவரே மறுபடி பேசினார். “அவன இப்பிடி உட்டுட்டு பார்டரு தாண்டிப் போவக் கூடாதுன்னுதான். அவங்கூட இருக்கணும்னுதான்.”

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை இன்றுவரைக்கும் வதைக்கிறது.

அவனை எழுப்பி வேட்டியைச் சுற்றிக் கிளம்பினோம். அவர் கூட வர எழுந்தார். “நீங்க வர வேணாம்” என்றேன். எங்கள் வாழ்க்கையில் நான் அவருக்குப் போட்ட ஒரே கட்டளை அதுதான். அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

ஆடி வெள்ளி. கும்மிடிப்பூண்டியில் மாறி ஏறிய பஸ் பெரியபாளையம் போகும் கூட்டத்தால் நிரம்பி வழிந்தது. மஞ்சள் புடவைகள், கோழிகள், பொங்கல் பானைகள், ஒரு பம்பைக்காரர். மகன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றான். ஒரு அம்மாள் அவனைப் பார்த்துவிட்டுத் தன் பிள்ளைகளை மடியில் அள்ளிப்போட்டு இடம் கொடுத்தார்.

“காலுக்கு இன்னாம்மா?”

“ஆபரேஷன் பண்ண இடம். சீழ் வச்சிடுச்சு.”

“அம்மனுக்கு வேப்பஞ்சேல கட்டுறேன்னு வேண்டிக்கோ. சரியாப் பூடும். ஏன், ஊட்டுக்காரரு வர்லியா?”

“மில்லுல வேலை.”

“இந்த ஆம்பளைங்களுக்கு எப்பவும் வேலதான்” என்று அவர் சொன்னதற்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் உதட்டை விரித்தேன். பெரியபாளையத்தில் அத்தனை பேரும் இறங்கிப் போனார்கள். வேப்பிலை உதிர்ந்து கிடந்த காலி பஸ்ஸில் நாங்கள் இருவர் மட்டும் திருவள்ளூர் போனோம். அவன் என் தோளில் சாய்ந்துகொண்டு, “நைனா ஏம்மா வர்ல?” என்று கேட்டான். மில்லில் பழுது என்றேன். அவனுக்கு நான் சொன்ன முதல் பொய் அது. இன்னும் அதைத் திருப்பி எடுக்கவில்லை.

காயத்தைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. “ஸ்பிரிட் போட்டீங்களா?” என்றார். “போட்டோம்” என்றேன். “சரியாப் போட்டீங்களா?” என்றார். நான் மகனின் வேட்டியைச் சரிசெய்தேன். “இன்னும் ரெண்டு நாள் தாமதிச்சிருந்தா காலைப் பத்தி வேற மாதிரி பேச வேண்டியிருந்திருக்கும்” என்று சொல்லிவிட்டு உள்ளே கூட்டிப்போகச் சொன்னார்.

அங்கேயும் ஒரு மறைப்பு இருந்தது, சக்கரம் வைத்த பச்சைத் துணி மறைப்பு. அதற்கு வெளியில் நான் நின்றேன். தையலை வெட்டும் சத்தம். பாத்திரத்தில் எதையோ ஊற்றும் சத்தம். பிறகு சத்தமே இல்லை. அப்புறம் அவன் கத்தினான்.

“ஐயோ எரியுதும்மா! அம்மா, எரியுது! உடச் சொல்லும்மா!”

வராண்டாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. ஒரு கிழவர், “பயப்படாதம்மா, சரியாப் பூடும்” என்று தேற்றினார். பயத்தால் அழவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? இங்கே மருந்து மருந்தாக இருந்தது. அவன் கத்தக் கத்த நான் சாமி விளக்கைப் பார்ப்பதுபோல அந்தப் பச்சைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல நாள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். தினமும் காயத்தைத் திறந்து கழுவி, ஊசி போட்டு, அடியிலிருந்து ஆற விட்டார்கள். கால் தப்பியது. என் கணவர் ஒரே ஒருமுறை வந்தார். வார்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தார், மகன் தூங்கிக்கொண்டிருந்தான். ஆரஞ்சுப் பழங்களை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். காயத்துக்குப் போடும் ஸ்பிரிட்டைக் குடித்துக் கண் போனவர்கள் உண்டு என்று வார்டில் யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அன்று முழுவதும் அவருடைய கண்ணை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். அப்படிப் பயந்ததற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு அவர் குடிக்கவில்லை. வடக்கேயும் போகவில்லை, எந்தப் புட்டியையும் தொடவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்து, நான் நோட்டுத் திருத்தும் விளக்கின் வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். நான் ஆசைப்பட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. பேச்சு மட்டும் இல்லை. என்னை டீச்சரு என்று அவர் கூப்பிடுவது அன்றோடு நின்றுபோனது.

மகன் காலில் ரப்பர் பட்டை சுற்றிக்கொண்டு வேலைக்குத் திரும்பினான். பிறகு உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்று சென்னைப் பக்கம் கிடைத்து, அங்கேயே அறை எடுத்துக்கொண்டான். ஈரக் காற்றில்தான் காயம் கெட்டது என்று இன்றும் நம்புகிறான். கூட வேலை செய்யும் பையன்களை அழைத்து வந்தால் அவர்களிடம், “எங்க நைனாதான் எனக்கு டிரெஸ்ஸிங் பண்ணுவாரு, தெரியுமா? நர்ஸு தோத்துடும்” என்று பெருமையாகச் சொல்வான். அவர் எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவார். அவனுக்கு அது அடக்கமாகத் தெரியும்.

போன பொங்கலுக்கு வந்தவன் கரும்புக் கட்டை அவிழ்க்கும்போது விரலைக் கிழித்துக்கொண்டான். சின்னக் கிழிசல்தான். வீட்டில் ஒரு புட்டி ஸ்பிரிட் எப்போதும் வைத்திருக்கிறேன். என் டிரங்குப் பெட்டியில், பூட்டுக்குள். நான் எழுவதற்கு முன் அவர் என் முன்னால் வந்து நின்று கையை நீட்டினார். சாவியைக் கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அவர் புட்டியை எடுத்து வந்தார். அதே பீங்கான் தட்டை நடுவாசலில் வைத்து, கொஞ்சம் ஊற்றி, தீக்குச்சியைக் கிழித்து வைத்தார்.

“இன்னா நைனா, போகி முடிஞ்சி போச்சே” என்றான் மகன்.

நல்ல வெயில். அந்த வெளிச்சத்தில் ஸ்பிரிட்டின் நீலச் சுடர் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து உள்ளங்கையைத் தட்டுக்கு மேலே நீட்டினேன். சுட்டது. கையை எடுத்துக்கொண்டு தலையாட்டினேன்.

பிறகு அவர் பஞ்சை நனைத்து மகனின் விரலைத் துடைத்தார்.

“ஸ்ஸ்” என்றான் அவன்.